சரளைக்கல் சர்க்கரையான கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஒரே பயணத்தில் இரண்டு விதமான இனிப்பைப் பார்த்துவிடலாம். கீழே சமவெளியில் கரும்பு. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் கச்சிராயபாளையத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கி வரிசை கட்டி நிற்கும். மேலே கல்வராயன் மலையில் தேன். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர்) கடுக்காய், புளியோடு தேனும் சேகரித்துக் கீழே கொண்டுவந்து விற்பவர்கள்.

இந்த இரண்டு இனிப்பையும் சேர்த்து நினைத்த முதல் வெளிநாட்டவர்களில் ஒருவர் நியார்க்கஸ். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரோடு இந்தியாவுக்கு வந்த கடற்படைத் தளபதி. இந்தியாவில் ஒரு நாணல் இருக்கிறது, அது தேனீக்கள் இல்லாமலேயே தேன் தருகிறது என்று அவர் எழுதியதாக ஸ்டிராபோ என்ற கிரேக்க அறிஞர் குறிப்பிடுகிறார். கரும்பைப் பார்த்திராத ஒருவர் வேறு எப்படித்தான் சொல்வார்?

பொருளைப் பார்த்து வியந்த கிரேக்கர்களுக்கு அதன் பெயரைப் பற்றிய இன்னொரு வியப்பு தெரியாமலே போய்விட்டது. பின்னாளில் அவர்கள் இந்தியாவிலிருந்து வாங்கிய சர்க்கரை என்ற சொல்லின் உடன்பிறப்பு ஒன்று, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்கள் வீட்டிலேயே இருந்தது. அது இனிக்கவில்லை. ஏனென்றால் அது வெறும் கல்!

நட்சத்திரம் போட்ட சொல்

1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி ஓர் உரை நிகழ்த்தினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும், அந்த மூலம் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்பது அவர் சொன்ன கருத்து. அந்த இல்லாமல் போன மொழியைத்தான் இன்று மூல இந்தோ-ஐரோப்பிய மொழி என்கிறார்கள். அதில் ஒரு கல்வெட்டுகூடக் கிடையாது, ஓர் ஓலைகூடக் கிடையாது. அதன் பிள்ளை மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அதன் சொற்கள் இப்படி இருந்திருக்கும் என்று திரும்பக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிய சொல்லின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைகர் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக்கிய வழக்கம் அது. "இது எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை, கணக்குப் போட்டுக் கண்டது" என்பது அந்த நட்சத்திரத்தின் பொருள். கணக்குப் புத்தகத்தில் மதிப்பீடு என்று குறித்து வைக்கும் தொகை போல.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? நூறு என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். சமஸ்கிருதத்தில் சதம். லத்தீனில் கென்டும். கிரேக்கத்தில் ஹெகடோன். அதாவது சமஸ்கிருதத்தில் ச வரும் இடத்தில் மற்ற இரண்டிலும் க வருகிறது. ஒரு சொல்லில் மட்டும் வந்தால் தற்செயல் எனலாம். பத்துச் சொல், இருபது சொல் என்று இதே மாற்றம் வரிசையாக வந்தால் அது விதி.

இதே விதியோடு சமஸ்கிருதத்தின் "சர்க்கரா" என்ற சொல்லைப் பார்த்தால் கிரேக்கத்தில் க-வில் தொடங்கும் ஒரு சொல் இருக்க வேண்டும். இருக்கிறது: "குரோகே". கடற்கரையில் கிடக்கும் கூழாங்கல் என்று பொருள். இரண்டையும் சேர்த்து "*கொர்கா" என்ற மூலச் சொல்லைக் கட்டியிருக்கிறார்கள். சரளை, பொடிக்கல் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இந்த உறவை ஐயத்தோடு பார்க்கும் மொழியியலாரும் உண்டு. முன்னால் நிற்கும் நட்சத்திரம் அதையும்தான் நினைவூட்டுகிறது.

ஆனால் ஒன்றில் ஐயமில்லை. சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் முதலில் இனிப்பு அல்ல, சரளைக்கல்தான். அதர்வ வேதத்தில் அந்தச் சொல் அந்தப் பொருளில்தான் வருகிறது. சிறுநீரில் இறங்கும் பொடிக்கற்களையும் பழைய மருத்துவ நூல்கள் சர்க்கரா என்றே அழைத்தன.

கல் எப்போது இனித்தது?

கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் பாகு வரும். இன்னும் காய்ச்சினால் இறுகும். அதை ஒரு கட்டியாக எடுக்காமல் மணி மணியாக உறைய வைக்கக் கற்றுக்கொண்டது இந்தியாவில் நடந்த பெரிய தொழில்நுட்ப மாற்றம். புதிதாக வந்த அந்தப் பொருளைப் பார்த்தவர்களுக்கு அது ஆற்றங்கரைச் சரளை போலத் தெரிந்திருக்கிறது. கையில் எடுத்தால் நறநறவென்றிருக்கிறது. அதனால் கல்லின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசாங்கக் களஞ்சியத்தில் இருக்க வேண்டிய பொருள்களைச் சொல்லும்போது கரும்பிலிருந்து வருபவற்றைப் படிப்படியாகப் பட்டியலிடுகிறது: பாணிதம், குடம், மத்ஸ்யண்டிகா, கண்டம், சர்க்கரா. பாகில் தொடங்கி மணியில் முடியும் வரிசை. இதில் உள்ள கண்டம் என்றால் துண்டு. அது பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போய் ஆங்கிலத்தில் கேண்டி ஆனது. தமிழிலோ அது கண்டு ஆகி, அதன் முன்னால் கல்லும் சேர்ந்து கற்கண்டு ஆனது. வடக்கே ஒரு காலத்தில் இனிப்புக்குக் கல்லின் பெயரை வைத்தார்கள் என்பது தெரியாமலேயே, தமிழரும் இனிப்பைக் கல் என்றே அழைத்திருக்கிறார்கள். பார்த்த கண்கள் வேறு, பார்த்தது ஒன்றுதான்.

மேற்கே போன சொல்

சர்க்கரா பேச்சு வழக்கில் சக்கரா ஆனது. அந்த வடிவம்தான் கப்பல் ஏறியது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடற்பயண நூல், குஜராத்துப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான சரக்குகளில் நாணல் தேன் ஒன்றைச் சொல்லி, அதன் பெயர் சாக்கரி என்கிறது. அதே நூற்றாண்டில் டயோஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர், அது உப்பைப் போல உறைந்திருக்கும், பல்லில் கடித்தால் உப்பைப் போலவே நொறுங்கும் என்று எழுதினார். அன்றைக்கு அது உணவு அல்ல, வயிற்றுக்கான மருந்து.

அப்போது கிரேக்க மொழியில் இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பரம்பரைச் சொத்தாக வந்த குரோகே, கூழாங்கல். இன்னொன்று வணிகத்தில் வாங்கிய சாக்கரி, இனிப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரண்டு கிளைகளின் பிள்ளைகள் ஒரே ஊரில் சந்தித்தும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை.

அதன் பிறகு சொல் நிற்கவே இல்லை. பாரசீகத்தில் ஷகர். அரபியில் சுக்கர். அரபியர்கள் கரும்பை மத்தியதரைக் கடல் நாடுகளுக்குக் கொண்டுபோனபோது சொல்லும் கூடவே போனது. ஸ்பானியத்தில் அசூகர், இத்தாலியத்தில் சூக்கெரோ, பிரெஞ்சில் சூக்ர், ஜெர்மனில் ட்சுக்கர், ரஷ்யனில் சாகர், ஆங்கிலத்தில் சுகர். 1753இல் லின்னேயஸ் கரும்புக்கு அறிவியல் பெயர் வைத்தபோது சக்காரம் என்றார். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கரும்பே இல்லாத ஒரு செயற்கை இனிப்பு கிடைத்தபோது அதற்கும் சாக்கரின் என்று பெயர் வந்தது.

கேரளக் கரையிலிருந்து இன்னொரு கிளை போனது. மலையாளத்தில் வெல்லத்துக்குச் சக்கர என்று பெயர். போர்ச்சுகீசியர்கள் அதை ஜாகரா என்று வாங்க, ஆங்கிலத்தில் அது ஜாகரி ஆனது. ஆக இன்றைய ஆங்கிலத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு பெயர், வெல்லத்துக்கு இன்னொரு பெயர். இரண்டும் ஒரே சொல்! ஒன்று அரபு நாடுகளைச் சுற்றிக்கொண்டு போனது, மற்றொன்று நேராகக் கடல் கடந்து போனது.

தமிழ் எங்கே வருகிறது?

இதைப் படிக்கும் தமிழருக்கு ஒரு கேள்வி வரும். அப்படியானால் இனிப்பைத் தமிழர்கள் வடக்கேயிருந்துதான் கற்றார்களா?

இல்லை. கரும்பு என்பது தமிழ்ச் சொல். மலையாளத்தில் கரிம்பு, கன்னடத்தில் கப்பு என்று அதன் திராவிட உறவுகள் இருக்கின்றன. வெல்லமும் அப்படியே: கன்னடத்தில் பெல்ல, தெலுங்கில் பெல்லமு. இன்னொரு சொல் இதைவிட முக்கியமானது. அது ஆலை. இன்று பஞ்சாலை, நூற்பாலை, உருக்காலை என்று எல்லாத் தொழிற்சாலைக்கும் பொதுவாகிவிட்ட இந்தச் சொல், பழந்தமிழில் கரும்பு பிழியும் இயந்திரத்தின் பெயர். தமிழன் பார்த்த முதல் 'ஃபேக்டரி' கரும்பு ஆலைதான் என்றுகூடச் சொல்லலாம்!

சங்க இலக்கியத்தில் இதற்குச் சாட்சி நிறைய. பெரும்பாணாற்றுப்படை ஓயாமல் ஒலிக்கும் கரும்பு இயந்திரங்களையும், பாகு காய்ச்சும் புகை சூழ்ந்த ஆலைகளையும் காட்டுகிறது. மலைபடுகடாமும் ஆலைகளில் கரும்பு நெரியும் சத்தத்தைச் சொல்கிறது. அந்த நூலின் தலைவன் நன்னன் ஆண்ட செங்கம், கல்வராயன் மலைக்கு வடக்கேதான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்கு இன்னும் நெருக்கமான சாட்சி புறநானூற்றின் 99ஆம் பாடல். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஔவையார், அவன் முன்னோர்கள் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்கிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதே பாடலில் அவன் கோவலூரை வென்ற செய்தியும் வருகிறது. கோவலூர் என்பது திருக்கோவிலூர், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஊர். கரும்பு விளையும் இந்த மண்ணும், கரும்பு எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டது என்ற நினைவும் ஒரே பாட்டில் இருக்கின்றன.

அந்த நினைவு தவறவில்லை. கரும்பு முதலில் பயிராக்கப்பட்டது நியூகினித் தீவில் என்பது தாவரவியலாரின் முடிவு. அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக இந்தியாவுக்கு வந்தது. பழைய உரைகாரர்கள் அதியமானின் முன்னோர் அதை விண்ணுலகிலிருந்து கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். விண் அல்ல, கடல். ஆனால் வந்த பயிர் என்பது மறக்கப்படவில்லை.

சர்க்கரை என்ற சொல் தமிழுக்குள் இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை மிகப் பழங்காலத்தில், பிராகிருதத்திலிருந்து. அந்தக் காலத்துத் தமிழ் வடசொற்களின் முதலில் வரும் ச ஒலியைப் பல இடங்களில் உதிர்த்துவிடும். சமணர் அமணர் ஆனது போல, சிராவணம் ஆவணி ஆனது போல, சக்கரா என்பது அக்காரம் ஆனது. பெருமாள் கோயில் பிரசாதமான அக்காரவடிசில் நாவில் பட்டால், அந்தப் பழைய இறக்குமதியின் ருசியும் சேர்ந்தே படுகிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலேயே இது இருக்கிறது. இரண்டாம் முறை, ச உதிராமல் சர்க்கரை என்றே வந்து நிலைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சரளை என்ற சொல்லும் சர்க்கரை என்ற சொல்லும் ஒலியில் நெருங்கி இருக்கின்றன, பொருளிலும் கல் இருக்கிறது, ஆகவே சர்க்கரை தமிழே என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஒலி ஒற்றுமை மட்டும் சான்று ஆகாது. சதம், கென்டும் போல வரிசையாகப் பொருந்தும் விதி வேண்டும். அந்தச் சோதனையில் கரும்பு, வெல்லம், ஆலை மூன்றும் இந்த மண்ணின் சொற்களாகவே நிற்கின்றன. சர்க்கரை நிற்பதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணக் கடனில் கொடுத்தவர் கையில் குறையும், வாங்கியவர் வட்டியோடு திருப்ப வேண்டும். சொல் கடனில் கொடுத்தவருக்கும் குறைவதில்லை, வாங்கியவரும் திருப்ப வேண்டியதில்லை.

ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு தொழில்நுட்பத்தின் ரசீது. பிழிந்து காய்ச்சும் வரை தமிழ்ப் பெயர். மணியாக்கும் கலை வந்தபோது வடக்கத்திப் பெயர். வெள்ளையாக்கிய சர்க்கரைக்குச் சீனி, அதாவது சீனத்துச் சரக்கு என்று பெயர். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 647இல் சீனாவின் டாங் பேரரசர் தாய்சோங், சர்க்கரை செய்யும் முறையைக் கற்றுவர மகத நாட்டுக்கு ஆள் அனுப்பினார். இங்கே கற்றவர்களின் பெயரே பிறகு இங்கே பண்டத்துக்குப் பெயராகத் திரும்பி வந்தது! பழைய மளிகைக் கடைகளில் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்கள். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள அஸ்கா என்ற ஊரின் சர்க்கரை ஆலையால் வந்த பெயர் அது. 1936 வரை கஞ்சம் சென்னை மாகாணத்தில் இருந்தது. இத்தனை பெயர் வந்த பிறகும் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலில் விழுவது என்னவோ வெல்லம்தான்.

சொல்லோடு போன மனிதர்கள்

இது வரை சொன்னதில் கசப்பு இல்லை. ஆனால் சர்க்கரையின் கதையைக் கசப்பில்லாமல் முடிக்க முடியாது.

ஐரோப்பியர்களுக்குச் சர்க்கரை மருந்தாக இருந்த வரை சிறிதளவு போதும். தேநீரில் தினமும் கரைக்க வேண்டும் என்றபோது பெரும் தோட்டங்கள் தேவைப்பட்டன. அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1830களில் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை முடிந்தது. தோட்டங்கள் முடியவில்லை. ஆள் பிடிக்கும் கண்கள் இந்தியாவின் பக்கம் திரும்பின. மொரீஷியஸ், நேட்டால், பிஜி என்று ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போனார்கள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இறக்கியது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்காக வந்த முதல் இந்தியர்கள் அவர்கள். அதற்குப் பின் போனவர்களில் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டத்து மக்கள் பலர். கள்ளக்குறிச்சி அன்று தென் ஆர்க்காட்டில்தான் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்து, அதிலிருந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களுக்காகப் பாரதியார் பாடினார். ஆலை என்ற சொல்லைத் தங்கள் முன்னோரிடமிருந்தே பெற்ற மக்கள், வேறொரு கண்டத்தின் ஆலைகளுக்கு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். வங்கிக் கணக்கில் ஏறிய லாபம் லண்டனில் இருந்தது. ஒரு சொல் உலகமெல்லாம் பரவுவது பெருமை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. எந்தக் கப்பலில், யார் தோளில் ஏறிப் பரவியது என்பதையும் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்த சொல்

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் நாணல் இனத்தையும் கரும்பையும் கலந்து உருவாக்கிய ரகங்கள் இந்தியா முழுதும் பரவின. 'கோ' என்று தொடங்கும் கரும்பு ரகப் பெயர்கள் எல்லாம் அந்த ஊரின் முதலெழுத்தைச் சுமப்பவை. இன்று கள்ளக்குறிச்சிப் பகுதியில் தென்பெண்ணைக் கரையில் மூங்கில்துறைப்பட்டிலும், மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன. வெட்டு உத்தரவுக்கும், எடை மேடைக்கும், பாக்கித் தொகைக்கும் காத்திருக்கும் விவசாயிக்குத் தன் கரும்பு என்ன விலைக்குப் போகும் என்பதுதான் கவலை, அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்பது அல்ல. அது நியாயமும்கூட.

ஆனால் சொல் அவரையும் விட்டு வைக்கவில்லை. உலகம் சுற்றிய சர்க்கரா, சுகர் என்ற ஆங்கில வேடத்தில் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது. மருத்துவமனை வரிசையில் "உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்கிறார். இங்கே சுகர் என்பது பண்டம் அல்ல, நோய். நீரிழிவு என்ற நல்ல தமிழ்ப் பெயர் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிட, பேச்சில் சுகரும் சர்க்கரையுமே ஆள்கின்றன.

ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் காலில் குத்திய பொடிக்கல்லுக்கு வைத்த பெயர். அது வடக்கே இனிப்பானது, கிரேக்கத்தில் மருந்தானது, ஐரோப்பாவில் செல்வமானது, கடல் கடந்த தோட்டங்களில் கண்ணீரானது, கடைசியில் நோயாகி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பயணத்தில் தமிழ் வெறும் வழிப்போக்கராக இருக்கவில்லை. கரும்பும் வெல்லமும் ஆலையும் தமிழ் தன் கையால் செய்தவை. சர்க்கரை தமிழ் வாங்கிக்கொண்டது. செய்தது எது, வாங்கியது எது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் நேர்மையான கணக்கு. அந்தக் கணக்கில் தமிழுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.